மகள் அரசு வக்கீல் ஆக வேண்டுமாம்: இலோய்லோ அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறீர்கள். மனைவியும் மகளும் பிலிப்பைன்ஸில் மனைவியின் ஊரான இலோய்லோவில் இருக்கிறார்கள். பொலிட்டிக்கல் சயின்ஸ் முடித்த மகள் அடுத்து சட்டம் படித்துவிட்டு, ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடும் அரசு அலுவலகமான பப்ளிக் அட்டர்னிஸ் ஆபீஸில் சேரப்போகிறேன் என்கிறாள். "பணத்தைக் கொட்டிப் படிக்க வைத்து, கடைசியில் அரசாங்கச் சம்பளமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் பாஸ்போர்ட். பிலிப்பைன்ஸில் வக்கீல் தொழில் அந்நாட்டுக் குடிமக்களுக்குத்தான். மகள் பிறந்த சமயத்தில் உங்கள் மனைவி அந்நாட்டுக் குடிமகளாக இருந்திருந்தால், மகளும் பிறப்பிலேயே குடிமகள்தான். நாளைக்கு நீதிபதி பதவிக்குப் போனாலும் இந்தப் 'பிறப்பிலேயே' என்பதைப் பார்ப்பார்கள். ஆனால் இடையில் அவளுக்கு இந்திய பாஸ்போர்ட் எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எடுத்திருந்தால், லா ஸ்கூலுக்குப் பணம் கட்டும் முன்பே அங்குள்ள வக்கீல் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டி விஷயத்தைச் சரி செய்துவிடுங்கள்.

இனி படிப்பு. ஜூரிஸ் டாக்டர் என்ற சட்டப் பட்டம் வழக்கமாக நாலு வருடம். அதன் பிறகு, வக்கீல் ஆகத் தேற வேண்டிய, உச்ச நீதிமன்றமே நடத்தும் பார் தேர்வு. சராசரி 75 வாங்க வேண்டும், எந்தப் பாடத்திலும் 50-க்குக் கீழே போகக்கூடாது. 2023-இல் எழுதியவர்கள் 10,387 பேர், தேறியவர்கள் 3,812 பேர். அதாவது மூன்றில் ஒருவரைவிடச் சற்று அதிகம். ஆகவே நாலு வருடச் செலவோடு, தேர்வுக்காக வீட்டில் உட்கார்ந்து படிக்கும் மாதங்களையும், தேவைப்பட்டால் இன்னொரு முயற்சியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதல் தடவை தவறினால் உலகம் இடிந்துவிடாது என்பதை இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள். தேறிவிட்டால் அரசுப் பணிக்கான சிவில் சர்வீஸ் தகுதி தானாக வந்துவிடும், அதற்கென்று தனித் தேர்வு கிடையாது. ஊரில் எல்லோரும் அவளை 'அட்டர்னி' என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அங்கே அது டாக்டர் மாதிரி ஒரு பட்டம். உங்கள் மாமியாருக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பயத்துக்கு நான் காட்ட விரும்பும் ஆள் கொஞ்சிட்டா கார்ப்பியோ மொராலெஸ். 1968-இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். கொஞ்ச காலம் தனியார் சட்ட நிறுவனம். 1971-இல் நீதித்துறை அமைச்சகத்தில் உதவியாளர் பதவிக்குப் போனார். அங்கேயே சுமார் 12 வருடம்! உங்களைப் போன்ற அப்பா பார்த்திருந்தால் 'பெண் ஃபைல் தூக்கியே காலத்தைக் கழிக்கிறாள்' என்றுதான் சொல்லியிருப்பார். 1983-இல் நீதிபதி ஆனார். அதுவும் மணிலாவில் இல்லை, பிகோல் பக்கம் பிலி என்ற சின்ன ஊரில். 1986-இல் மணிலாவை ஒட்டிய பசாய் நகர நீதிமன்றம், 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், 2002-இல் உச்ச நீதிமன்றம். 2011-இல் 70 வயதில் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே நாட்டின் ஆம்பட்ஸ்மன் ஆனார், அதாவது ஊழல் புகார்களை விசாரிக்கும் தலைமைப் பதவி. ஏழு வருடம் அதில் இருந்தார். மூன்று செனட்டர்கள் மீது நிதி மோசடி வழக்குத் தொடுத்தது அப்போதுதான். 2016-இல் மக்சேசே விருது கிடைத்தது.

எல்லோருக்கும் இப்படி அமையாது, அது எனக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. பிராந்திய விசாரணை நீதிமன்ற நீதிபதி ஆக 35 வயதும் பத்து வருட அனுபவமும் வேண்டும். அந்தப் பத்து வருடத்தில், வக்கீலாக இருந்தால்தான் வகிக்க முடிகிற அரசுப் பதவியும் கணக்கில் சேரும். உங்கள் மகள் ஏழைகளின் வழக்கில் நிற்கும் ஒவ்வொரு வருடமும் அந்தக் கணக்கில் ஏறுகிறது. நீங்கள் வீண் என்று நினைக்கும் வருடங்கள் அங்கே வீண் இல்லை.

சரி, சம்பளம். தரவரிசைப்படி நிர்ணயித்த சம்பளம், மாதம் தவறாமல் வரும். பெரிய நிறுவனத்தில் சேரும் தோழி அவளைவிட அதிகம் சம்பாதிக்கத்தான் செய்வாள், அதை மறைக்க மாட்டேன். சாயங்காலத்தில் வெளியே கேஸ் எடுத்துச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அரசு வக்கீலுக்குத் தனித் தொழில் பொதுவாகத் தடை. அதோடு ஒவ்வொரு வருடமும் சொத்து, கடன் விவரத்தை எழுதித் தர வேண்டும். இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். 2012-இல் தலைமை நீதிபதி ரெனாட்டோ கொரோனாவைப் பதவி நீக்கியது சொத்தை முழுதாகக் காட்டாத குற்றச்சாட்டில்தான். ஆம்பட்ஸ்மனாக இருந்த மொராலெஸே அந்த விசாரணையில் சாட்சி சொன்னார். கொரோனாவுக்கு அடுத்து வந்த செரெனோ, அந்த நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதி. பேராசிரியராக இருந்த காலத்துச் சொத்து விவரங்கள் சில இல்லை என்று 2018-இல் அவருடைய நியமனமே செல்லாது என்றார்கள். அதில் அரசியல் இருந்தது என்று சொல்பவர்கள் நிறைய, எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: நீங்கள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பும் பணம், அவள் பெயரில் வாங்கும் வீடு எல்லாவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே காகிதம் வைத்திருக்கட்டும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லாமல் விடக்கூடாது. அங்கே வக்கீல்களும் நீதிபதிகளும் கொல்லப்பட்டிருக்கிறார்கள். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்து அறிக்கை விட்டது. எந்த ஊரில், எந்த மாதிரி வழக்குகளில் வேலை என்பதை அவள் கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்த ஊர்ப் பக்கம் கிடைத்தால் நல்லது. சட்டமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான், ஆனால் எதிரே உட்கார்ந்து அழும் அம்மா உள்ளூர் மொழியான இலோங்கோவில்தான் பேசுவாள். அம்மாவிடம் கற்ற அந்த மொழி உங்கள் மகளுக்குப் பெரிய கையிருப்பு.

அவளுடைய முடிவை இப்போதே ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். முதல் வருடப் பாடங்களை முடித்த மாணவர்கள், சான்றிதழ் பெற்று, வக்கீலின் மேற்பார்வையில் சட்ட உதவி மையங்களில் வேலை செய்ய விதி இருக்கிறது. அங்கே ஒரு செமஸ்டர் போய் வரட்டும். அப்புறமும் இதே பேச்சைப் பேசினால், அந்தப் பிடிவாதத்தை நானும் மதிப்பேன்.

பாஸ்போர்ட் விவரத்தை மனைவியிடம் கேட்டு இந்த வாரமே எழுதுங்கள்.