பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ரேஸ் கார் பெல்ட் மாட்டலாமா?

கேள்வி கேட்டவர் தேவகோட்டைக்காரர். தாத்தா காலத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கிறார், அதில் சீட் பெல்ட்டே கிடையாது. நான்கு முனை ரேஸ் பெல்ட் வாங்கி, தோள் பட்டைகளைச் சீட்டுக்குப் பின்னால் தரையில் போல்ட் போட்டுவிடலாமா, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்.

தரையில் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தவன்.

என்னுடையதும் ஹெரால்டுதான், இரண்டு கதவு மார்க் 2. ஐயா வாங்கியது. ஐயா போன பிறகு கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் படுதா போர்த்திக் கிடந்தது. எஞ்சினைத் தேற்றி ஓடவைத்ததும் ஆசை வந்துவிட்டது. இணையத்தில் சிவப்புப் பட்டை, ஒரு சீட்டுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். காரைக்குடியில் ஒரு பட்டறையில் அரை நாளில் மாட்டிக் கொடுத்தார்கள். இடுப்புப் பட்டைகள் சீட்டின் இரு பக்கமும், தோள் பட்டைகள் சீட்டின் முதுகைத் தாண்டி நேராகக் கீழே இறங்கித் தரையிலும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு ரூபாய்க் காசு அளவில் வாஷர். பார்க்க என்னவோ அம்சமாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். திருமயம் போகிற வழியில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேகம் ஐம்பதுகூட இருக்காது, பிரேக்கை அழுத்தி மிதித்தேன். பெல்ட் என்னை முன்னால் போகவிடவில்லை, சரி. ஆனால் தோள் இரண்டையும் கீழ்நோக்கி அமுக்கியது, தலையில் நெல் மூட்டையை இறக்கின மாதிரி. வீட்டுக்கு வந்து கால்மிதி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், பின்னால் போல்ட்டைச் சுற்றித் தகரம் ஒரு விரல் உயரத்துக்குக் கூம்பி நிற்கிறது. டிங்கர் வேலை பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்தில் வைத்து லேசாக அமுக்கினார், பொத்துக்கொண்டு போய்விட்டது. "தம்பி, இது தரை இல்ல, அப்பளம்" என்றார்.

வெறும் பிரேக்குக்கே இந்தக் கதி. மோதலில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிலோ ஆள் 50 கி.மீ. வேகத்தில் வந்து அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், அவர் எடையைப்போல் 20 மடங்கு விசை. கிட்டத்தட்ட ஒன்றரை டன். பட்டை அதைத் தாங்கலாம், காசு அளவு வாஷர் தாங்காது. அப்படியே தரை தாங்கினாலும், பட்டை செங்குத்தாக இறங்குவதால் அந்த விசையில் பெரும்பங்கு முதுகெலும்பை மேலிருந்து நசுக்கும். ஹெரால்டு சீட்டின் முதுகு தோளைவிடத் தாழ்வு, தலை சாய்க்க எதுவும் கிடையாது. போதாததற்கு இரண்டு கதவு வண்டியில் பின்னால் ஏறுவதற்காக முன்சீட்டு முழுசாக முன்பக்கம் கவிழும். நீங்கள் பெல்ட்டில் இறுகி உட்கார்ந்திருக்க, சீட்டு பின்னாலிருந்து வந்து முதுகில் இடிக்கும்.

முறையான வழி என்ன? ரேஸ் வண்டிகளுக்கு எஃப்ஐஏ என்கிற சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு விதி வைத்திருக்கிறது. தோள் பட்டை சீட்டு முதுகின் மேல்விளிம்பிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். கீழ்நோக்கிய சாய்வு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. வண்டியின் பாடியில் போல்ட் போடும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. தடிமன், 40 சதுர செ.மீ. பரப்புள்ள எஃகுத் தகடு அடியில் வைக்க வேண்டும். போல்ட் எம்12, தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். அல்லது பெல்ட்டுக்கென்றே உலகமெங்கும் பழக்கத்தில் உள்ள 7/16 அங்குல போல்ட். தோள், இடுப்பு முனைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,500 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். தகடு மலிவு, லேத் பட்டறையில் வெட்டி வாங்கிவிடலாம். ஆனால் அதை அப்பளத்தில் ஒட்ட முடியாதே. முதலில் தரையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்ய வேண்டும்.

இதெல்லாம் செய்தாலும் ஹெரால்டுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது, அதைத்தான் பலர் யோசிப்பதில்லை. இத்தாலிய வடிவமைப்பாளர் மிச்செலோட்டி வரைந்த அழகான வண்டி, மறுக்கவில்லை. ஆனால் சேஸி தனி, அதன்மேல் பாடி துண்டு துண்டாகப் போல்ட்டில் நிற்கிறது. கூரையும் அப்படித்தான், போல்ட்டைக் கழற்றினால் தனியாகத் தூக்கிவிடலாம். பின்னால் இருப்பதோ ஊசலாடும் அரை அச்சுகள். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கம் மடிந்து வண்டியைத் தூக்கிவிடும். (ஹெரால்டுக்குப் பிறகு வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரில் இந்த அமைப்பு இல்லை, நேர் அச்சு.) ஆகக் கவிழக்கூடிய வண்டி, போல்ட்டில் நிற்கும் கூரை, அதற்கடியில் நகர முடியாமல் நிமிர்த்திக் கட்டின ஆள். கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்கும் குழாய் வளைவு, அதாவது ரோல் பார், இல்லாமல் ரேஸ் பெல்ட் மட்டும் மாட்டுவது இந்த வண்டிக்குச் சரிவராது என்று நான் முடிவுக்கு வந்தது இதனால்தான்.

நான்கு முனையில் வேறு கோளாறும் உண்டு. தோள் பட்டையை இறுக்க இறுக்க நடு பக்கிள் மேலே ஏறும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு வந்துவிடும். மோதலில் உடம்பு அதற்கடியில் வழுக்கும், பட்டை குடலை அறுக்கும். இதைத் தடுக்கத்தான் ரேஸ்காரர்கள் கால்களுக்கு நடுவே ஐந்தாவது, ஆறாவது பட்டை போடுகிறார்கள். வேட்டி கட்டிக்கொண்டு அதை எப்படி மாட்டுவது என்று நீங்களே சொல்லுங்கள். பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போக அப்பத்தாவை உட்காரவைத்து நாலு முனையை மாட்டப் போனதற்கே, "என்னப்பா இது, மாட்டைக் கட்டுற மாதிரி கட்டுறே" என்று இறங்கிப் பின்சீட்டுக்குப் போய்விட்டது.

கழுத்து விஷயமும் இருக்கிறது. இரண்டு தோளும் இறுகியிருந்தால் மோதலில் தலை மட்டும்தான் முன்னால் பாயும். அமெரிக்காவில் 2001 டேடோனா பந்தயத்தில் பிரபல ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டு அடிப்பகுதி முறிந்து இறந்தார். அதே ஆண்டிலேயே நாஸ்கார் என்ற அந்த வகைப் பந்தயங்களில் ஹெல்மெட்டையும் கழுத்தையும் பிடித்துவைக்கும் கருவி கட்டாயமானது. நாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டா காரைக்குடி சந்தைக்குப் போகிறோம்?

தினசரி ஓட்டுவதற்கும் இது தொந்தரவு. நம் ஊர்த் தெருக்கள் உங்களுக்குத் தெரியும், முனை வரைக்கும் உயரமாகச் சுவர். முன்னால் குனிந்து எட்டிப் பார்த்தால்தான் குறுக்கே வருவது தெரியும். இறுக்கிய ரேஸ் பெல்ட்டில் குனிய முடியாது. பட்டையைத் தளர்த்தினால் போட்டும் பிரயோஜனமில்லை.

சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முன்சீட்டுக்கு பெல்ட் வைத்துத்தான் வண்டியை விற்க வேண்டும் என்று இங்கே விதி வந்தது 1994-இல். ஹெரால்டு தயாரிப்பு அதற்கு வெகு காலம் முன்பே, 1971-இல் நின்றுவிட்டது. அதனால் பெல்ட் இல்லாமல் வந்தது குற்றமில்லை. ஆனால் பழங்கால வண்டிகளுக்கென்று 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு எடுக்கும் எண்ணம் இருந்தால் கவனம். 50 வயதைத் தாண்டினால் மட்டும் போதாது, சேஸியிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத மூல வடிவில் இருக்க வேண்டும். தூண்களை அறுத்துக் குழாய்க் கூண்டு வெல்டு செய்தால் அதற்குச் சிக்கல் வரலாம். அந்தப் பதிவில் தினசரி ஓட்டவும் கூடாது.

நான் கடைசியில் செய்தது இது. தரையைப் புதுப்பித்தேன். முன்சீட்டு கவிழாமல் பிடிக்கக் கொக்கி வைத்தேன். 1959-இல் வால்வோவில் நில்ஸ் போலின் கொண்டுவந்த அதே மூன்று முனை பெல்ட்தான், தகடு வைத்து மாட்டினேன். மேல்முனை கதவுத் தூணில். எனக்கு உயரம் குறைவு, தோளை ஒட்டி வருகிறது. உயரமானவர்களுக்கு அந்த இடம் தாழ்வாகிவிடும், உட்கார்ந்து பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். முதலில் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய சுருள் பெல்ட் வாங்கி வந்து ஏமாந்தேன். அந்த ரீலுக்குள் சாய்வை உணரும் ஒரு குண்டு இருக்கிறது. அதை வடிவமைத்த கோணத்தில் நிற்கவைக்காவிட்டால் பூட்டிக்கொண்டு, ஒரு சாண் இழுப்பதற்குள் நின்றுவிடும். இப்போது ரீல் இல்லாத, கையால் இறுக்குகிற பெல்ட்.

கோவை கரி பந்தய டிராக்கில் ஓட்டும் ஆசை இருந்தால் கதை வேறு. அப்போது சேஸி வரைக்கும் போல்ட்டில் இறங்கும் ரோல் பார், அதில் தோள் பட்டைக்குக் குறுக்குக் குழாய், ஆறு முனை, ஹெல்மெட், கழுத்துக் கருவி எல்லாம் சேர்ந்துதான். பட்டை வாங்கும்போது எஃப்ஐஏ லேபிளும் அதில் காலாவதி ஆண்டும் இருக்கிறதா பாருங்கள். என் சிவப்புப் பட்டையில் எந்த லேபிளும் இல்லை, நம் வெயிலில் ஒரே கோடையில் ரோஸ் நிறமாகிவிட்டது.

இந்த ஞாயிற்றுக்கிழமை விரிப்பைத் தூக்கி, சீட்டுக்குப் பின்னாலும் கதவுத் தூண் தரையைத் தொடுகிற மூலையிலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். படம் எடுத்துக் கருத்தில் போட்டால் பார்த்துச் சொல்கிறேன். உங்களுடையது இரண்டு கதவா நான்கு கதவா என்பதையும் எழுதுங்கள்.