நாயோட குடும்பிமலைக்கு போகலாமா?

கேள்வி: அண்ணே, எங்கட நாய்க்கு ஒண்டரை வயசு, சரியான துடிப்பு. அதையும் கூட்டிக்கொண்டு குடும்பிமலைப் பக்கம் நடக்கப் போக ஆசை, போகலாமா?
- வாசகர், செங்கலடி

பதில்: ஆசைய குறை சொல்லல தம்பி, ஆனா அது யானை திரியிற காடு, நாய் யானையக் கண்டா குலைச்சிப்போட்டு உங்களிட்டத்தான் ஓடி வரும், பின்னால யானையும் வரும், மறுகா நீங்க எங்க ஓடுற? கல்லோயா தேசிய பூங்காவுக்குள்ளயும் நாய கொண்டு போக ஏலா. வயல் வரம்பு, கல்லடி கடற்கரை எண்டு விடியக்காலமே நடங்க, சங்கிலிய மட்டும் கழட்டாதீங்க. குளத்துல இறக்கவே வேணாம், முதலை. விசர்நாய் தடுப்பூசி வருசாவருசம் போடுங்க. வீட்டுக்கு வந்தோடன காதுக்குள்ள, விரலிடுக்குல தடவிப் பாருங்க, உண்ணி மிளகு போல ஒட்டிக்கொண்டு கிடக்கும், எங்கட நாய்க்கு ஒருநாள் 11 புடுங்கினன்.