பாதி ராஜ்யம் வேண்டாம், ஒரு கொத்தளம் போதும்

கே: மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் தூண் உண்டா ஐயா? (வாசகர், மேலூர்)

ப: 985. வாசலில் குதிரைமேல் இருப்பவர் அரியநாத முதலியார் என்பார்கள். அடுத்த கேள்விக்கு அவர் தேவைப்படுகிறார்.

கே: சரித்திரத் தொடர்கதை எழுதுகிறேன். மாறவேள் என்று ஒரு குறுநிலத் தலைவன், என் கற்பனைதான். வடக்கேயிருந்து படையெடுத்து வரும் ராஜாவுக்கு மதுரையைப் பிடித்துக் கொடுக்கிறான். பரிசாகப் பாதி ராஜ்யம் கிடைக்கிறது. என் மாமா ‘சுத்த அபத்தம்’ என்கிறார். (வாசகி, உசிலம்பட்டி)

ப: நானும் மாமா பக்கம்தான் அம்மா. பாதியைக் கொடுத்துவிட்டு அந்த ராஜா எப்படி நிம்மதியாகத் தூங்குவார்?

நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த விசுவநாத நாயக்கருக்கு வலதுகையாக இருந்தவர் அரியநாதர். தளவாயாக, அதாவது படைத்தலைவராக இருந்து நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளம், அதாவது மதிலிலிருந்து துருத்தி நிற்கும் காவல் மேடை. கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல். சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. பாளையம் எங்கோ தூரத்தில், பொறுப்போ ராஜாவின் கண்ணெதிரில். வசூலிலும் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, மிச்சம்தான் கைக்கு. மாறவேளுக்கும் ஒரு கொத்தளத்தைக் கொடுங்கள். பெருமைக்குப் பெருமை, மூக்கணாங்கயிற்றுக்கு மூக்கணாங்கயிறு.

கொத்தளம் எப்படி இருக்கும் என்று பார்க்க, பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று மிஞ்சியிருக்கிறது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளைப் போட்டபோது தப்பியது. வரலாறு நடத்திய காலத்தில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். “இவ்வளவுதானா சார்?” என்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

அப்புறம், உதவி என்றால் வாளோடு பாய்வது மட்டும்தானா? சித்திரையில் குதிரைப்படை வருகிறது என்று வையுங்கள். வைகையில் மணல்தான் கிடக்கும். எந்தக் கண்மாயில் தண்ணீர் மிச்சமிருக்கிறது, எந்த ஊர் அம்பலம் (ஊர்த் தலைவர்) தலையாட்டினால் வண்டி வண்டியாக வைக்கோல் வரும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். ஒரு ராத்திரி ஒரு மடையைத் திறந்துவிட்டாலே மாறவேள் ராஜாவுக்கு வேண்டியவன் ஆகிவிடுவான். உங்கள் மூன்றாம் அத்தியாயத்து வாள் சண்டையைத் தாராளமாக வெட்டலாம்.

அவன் கை ஓங்கியதைக் காட்டத் தர்பார் எதற்கு? ஊர்க் கோயில் போதும். போன திருவிழாவரை முதல் பரிவட்டம் பெரியப்பா மகனுக்கு. இந்த வருஷம் பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி மாறவேளிடம் வருகிறார். அன்றைக்கு அந்த அண்ணனையும் கட்டாயம் கோயிலுக்கு வரவழையுங்கள்.