வாளியில் எவ்வளவு தண்ணீர்?

ஏ.சி. மெக்கானிக் பதில்கள்

கேள்வி: எங்கள் ஸ்பிளிட் ஏ.சி.க்கு 9 வயது. வருடா வருடம் கேஸ் நிரப்புகிறோம். இந்த முறை வந்தவர், "பேசாம புதுசு வாங்கிடுங்கம்மா" என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

ஓட ஓடத் தீர்ந்துபோக, கேஸ் ஒன்றும் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் இல்லையம்மா. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருகிற சரக்கு அது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வருடா வருடம் வந்தவர்கள் யாரும் அதைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

நானும் யோக்கியன் இல்லை. தொழில் கற்ற புதிதில் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை கேஸ் அடித்துவிட்டு வந்தேன். நான்காவது தடவை என் மேஸ்திரியும் கூட வந்தார். கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை அவர் பையிலிருந்து எடுக்கவே இல்லை. குழாய் சேருகிற இடத்தில் ஃப்ளேர் நட்டைச் சுற்றி விரலால் தடவி, அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினார். கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் கசியும், அதில் தூசி ஒட்டும். சோப்பு நுரையைத் தடவினார். குமிழ் குமிழாக வந்தது. நட்டைக் கழற்றி, குழாய் முனையைப் புதிதாக விரித்து முடுக்கினார். அரை மணி நேர வேலை.

ஆகவே முதலில் குழாய்க்குள் நைட்ரஜன் அடித்து லீக் எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளேர் நட்டிலோ, குழாயைப் பற்றவைத்து ஒட்டிய (பிரேசிங்) இடத்திலோ இருந்தால் சரிசெய்து கொள்ளலாம். மெஷினை மாற்ற வேண்டாம். இண்டோர் யூனிட்டுக்குள் கேஸ் ஓடும் செம்புச் சுருள், அதாவது காயிலிலேயே என்றால் கொஞ்சம் சிக்கல். பெயின்ட், வார்னிஷ், பசை, துடைக்கும் திரவம் இவற்றின் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செம்பை எறும்புப் புற்று மாதிரி உள்ளுக்குள் துளைத்துக்கொண்டே போகும். ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். அந்தக் காயிலை முழுசாக மாற்றத்தான் வேண்டும். காயில் கிடைக்கவில்லை, கம்ப்ரஸரும் தளர்ந்துவிட்டது என்றால் அப்போது புது மெஷினைப் பற்றிப் பேசலாம். 

மெஷினில் ஒட்டியிருக்கும் பிளேட்டையும் படித்துப் பாருங்கள். ஆர்-22 என்று இருந்தால் அது ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலகமெங்கும் கைவிடப்பட்டு வரும் கேஸ். அந்த மெஷினில் பெரிய செலவு செய்ய நான் சொல்ல மாட்டேன். அதில் ஆர்-32 அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதன் அழுத்தம் வேறு, தீப்பிடிக்கும் தன்மையும் உண்டு.

கேள்வி: அவுட்டோர் யூனிட் 'உம்'மென்று முனகுகிறது, ஃபேன் சுற்றவில்லை. கம்ப்ரஸர் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைப் பார்த்தார்களா? தலை உப்பியிருந்தால் அநேகமாக அதுதான். சின்ன பாகம், உடனே மாற்றிவிடலாம். நீங்கள் கை வைக்காதீர்கள், கரண்டை நிறுத்திய பிறகும் அதில் ஷாக் இருக்கும். கம்ப்ரஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மெஷின் என்றால் சர்க்யூட் போர்டைச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: பழைய 1 டன்னை எடுத்துவிட்டு அதே அறைக்கு 2 டன் போட்டோம். ஐந்து நிமிடத்தில் ஜில்லென்று ஆகிறது. ஆனாலும் உடம்பு பிசுபிசுக்கிறது, அலமாரியில் செருப்பு பூசணம் பிடிக்கிறது. மெஷின் கோளாறா?

மெஷினில் கோளாறு இல்லை. டன் கணக்கில்தான் கோளாறு. 1902-ல் வில்லிஸ் கேரியர் முதல் ஏ.சி.யை வடிவமைத்தது புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக. ஈரக் காற்றில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காரவில்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. காற்றிலிருந்து தண்ணீரை எடுக்க வந்த மெஷின்தான் இது. புழுக்கமான ஊரில் இன்றைக்கும் அதன் வேலையில் ஒரு பெரிய பங்கு அதுதான்.

காயில் ஜில்லென்று ஆகி, அதில் ஈரம் படிந்து, துளித் துளியாகச் சேர்ந்து டிரெயின் பைப்பில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இங்கே டன் என்பது எடை இல்லை, வெப்பத்தை இழுக்கும் திறன். 1 டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு). உங்களுடையது அதைப் போல இரண்டு மடங்கு இழுக்கிறது. தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும் முன்பே அறை குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது. ஃபேன் மட்டும் ஓடி, காயிலில் நின்ற ஈரத்தைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடுகிறது.

டிரெயின் பைப்புக்கு அடியில் ஒரு வாளி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். சரியாக ஓடும் ஒன்றரை டன், புழுக்கமான நாளில் ஒரு லிட்டருக்கு மேல்கூட இறக்கும். உங்கள் வாளியில் ஒரு டம்ளர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வாங்கியது வாங்கியாயிற்று, தூக்கிப் போட வேண்டாம். ஃபேனைக் குறைந்த வேகத்தில் வையுங்கள், டிரை மோடில் ஓட்டுங்கள், ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூசணத்துக்கு அங்கே அவ்வளவாக வேலை இருக்காது.

கேள்வி: இண்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வடிகிறது.

டிரெயின் பைப்பில் வழுவழுவென்று பாசி அடைத்திருக்கும். வெளிமுனையில் வாக்குவம் வைத்து உறிஞ்சினால் ஜெல்லி மாதிரி வந்து விழும். அப்புறமும் வடிந்தால் பைப்பின் சரிவைப் பாருங்கள். ஃபில்டர் அழுக்கோடு ஓட்டினால் காயிலில் ஐஸ் கட்டி, அது உருகியும் இப்படி ஒழுகும்.

கேள்வி: குளிர்காலத்தில் சூட்டுக்கும் இதே மெஷினைத்தான் ஓட்டுகிறோம். திடீரென்று சூடு நின்று, வெளி யூனிட்டிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பயந்து நிறுத்திவிட்டோம்.

அது புகை இல்லை, நீராவி. சூடு கொடுக்கும்போது வெளிக் காயில்தான் ஜில்லென்று இருக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்த நாளில், வெளியே 3, 4 டிகிரி இருந்தாலும் அதில் உறைபனி படியும். மெஷின் 'புஸ்' என்று கேஸ் ஓடும் திசையை மாற்றி, சில நிமிடம் வெளிக் காயிலைச் சூடாக்கி அதை உருக்கும். நிறுத்தாமல் விட்டிருந்தால் தானாகவே சூட்டுக்குத் திரும்பியிருக்கும். அதற்குப் பிறகும் ஐஸ் பாளமாக நின்றால் சென்சாரையும் கேஸையும் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் ஸ்க்ரூடிரைவரால் ஐஸைக் கொத்த வேண்டாம். அப்படிக் கொத்தி ஓட்டையான காயில் ஒன்று இப்போதும் என் பட்டறை மூலையில் கிடக்கிறது.