ஏழு பேர் வருகிறார்கள், நிறுத்திவிடலாமா?

கேள்வி: ஆம்பூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக மாதம் ஒரு ஞாயிறு மாலையில் ஊர் வரலாறும் நடப்பும் பேசும் கலந்துரையாடல் வட்டம் நடத்திவருகிறேன். முன்பு நாற்பது பேர் வருவார்கள். வாட்ஸ்அப் குழு தொடங்கியபின் ஏழு பேர்தான் வருகிறார்கள். குழுவில் இருநூறு பேர் இருந்தும் காலை வணக்கப் படங்களே நிறைகின்றன. வட்டத்தை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: ஐயா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கைப்பேசியை விட்டுவிட்டு ஏழு பேர் இன்னமும் உங்களைத் தேடி வருவது சிறிய காரியமன்று.

வேலூரில் இப்படியொரு வட்டத்தில் நானும் பல ஆண்டுகள் இருந்தேன். குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்த பெரியவர் ஒருவர் அங்கே மூன்று மாதமாக வாய் திறக்காமல் கடைசி நாற்காலியில் அமர்ந்திருந்தார். நான்காம் மாதம், நெய்யும்போது பாவில் இழை அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரிடமே கேட்டோம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வெறுங்காற்றில் இழையைப் பிணைத்துக் காட்டியபடி அவர் முக்கால் மணி நேரம் பேசினார். அடுத்த மாதம் பேரனையும் அழைத்துவந்தார். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்க வாட்ஸ்அப் இடம் தருகிறது. ஆனால் ‘அனைவரும் வருக’ என்று அதில் போடும் அழைப்பைப் படிக்கும்போது, தன் வார்த்தைக்காக அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆகவே, பொருளைத் தலைப்பாக அறிவிக்காமல் கேள்வியாக வையுங்கள். பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். அதில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. நம் பகுதியினர் சிலர் கூடிப் பேசியதன் விளைவு நாடு முழுவதற்கும் பயன்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ‘பாலாறு – ஓர் உரை’ என்று அறிவித்தால் வராதவர்கள், தங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரின் நிறத்தையும் சுவையையும் பார்த்துவந்து சொல்லும்படி கேட்டால் வருவார்கள். தாம் கண்டதைச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் உண்டு.

வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டியதில்லை. நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அதை மாற்றிவிட்டு, கூட்டம் முடிந்த இரவே யார் என்ன சொன்னார், எந்தக் கேள்வி முடியாமல் நின்றது என்று அரைப் பக்கம் எழுதிப் போடுங்கள். விவாதத்தை மட்டும் அங்கே வளரவிடாதீர்கள். கைப்பேசியிலேயே பேசித் தீர்த்த ஒன்றுக்காக யாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். கூட்டத்தைச் சொன்ன நேரத்தில் முடிப்பதும் முக்கியம், குறிப்பாகப் பெண்கள் வர வேண்டுமென்றால்.

வருவதை நிறுத்தியவர்களில் மூவரை இந்த வாரமே தொலைபேசியில் அழையுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அவரவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டு, அதை ஞாயிறன்று வந்து சொல்ல முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.