படிவத்தில் 3.25, வகுப்பில் பாதி பெஞ்சு காலி

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தர உறுதிக் குழுவைக் கவனிக்கிறேன். மாணவர் திருப்திப் படிவத்தில் வருடா வருடம் 4-க்கு 3.25 வந்துவிடுகிறது. மதியத்துக்கு மேல் பாதி வகுப்பு காலி. எதை நம்புவது?

பதில்: காலி பெஞ்சை நம்புங்கள். 60 பேரில் 45 பேர் 4 போட்டு, 15 பேர் 1 போட்டாலும் சராசரி 3.25தான். கால்வாசி வகுப்பு கசந்து கிடப்பதை அந்த எண் காட்டாது. கேள்விவாரியாக 0, 1 போட்டவர்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். வராதவர்கள் படிவமே நிரப்பியிருக்க மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

படிவத்தை யார் வாங்குகிறார்கள்? பதிவு எண்ணோடு பாடம் நடத்துபவரே வாங்கினால், கையில் இருக்கும் இன்டர்னல் மார்க்கை நினைத்து எவரும் 1 போட மாட்டார்கள். பதிவு எண் வேண்டாம், வேறு துறையினர் வாங்கட்டும். செமஸ்டர் முடிவில் கேட்டால் பலன் அடுத்த பேட்ச்சுக்குத்தான், ஆறாவது வாரமே கேளுங்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் திருப்திப் படிவத்தில் 21 கேள்விகள். அவற்றில் நான் முதலில் திறந்து பார்ப்பது இரண்டு: இன்டர்னல் மதிப்பீடு நியாயமாக இருந்ததா, அசைன்மென்ட்டைப் பற்றி உங்களோடு பேசினார்களா. மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் ஊறுகிறது. விடைத்தாளில் ‘11/25’ என்று மட்டும் சிவப்பு மையில் இருந்தால், போன 14 மார்க்குக்கு மாணவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்: ‘சாருக்கு என்னைப் பிடிக்காது.’ ‘வரையறை சரி, எடுத்துக்காட்டு இல்லை, 2 குறைவு’ என்று கேள்விக்கு ஒரு வரி போதும். ஏழு வேலை நாளுக்குள் தாளைத் திருப்பிக் கொடுங்கள். வகுப்பிலேயே 20 நிமிடம் ஒதுக்கி, கூட்டலைச் சரிபார்க்க விட்டு, அதன் பிறகே மார்க்கைப் பதிவேற்றுங்கள். பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய தேசிய மாணவர் கணக்கெடுப்பிலும் தொடக்க ஆண்டுகளில் பின்தங்கி நின்றது இந்த மதிப்பீட்டுப் பகுதிதான்.

குடிநீர், கழிப்பறைத் தாழ்ப்பாள் எல்லாம் வேறு கணக்கு. இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். இல்லாவிட்டால் மற்றதைப் பேசவே விடாது. வேலையிடத்தை வைத்து 1959-இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் சொன்னது கல்லூரிக்கும் அப்படியே பொருந்துகிறது. புது ஆடிட்டோரியம் அப்புறம் கட்டலாம், தாழ்ப்பாளை இந்த வாரமே போடுங்கள்.

மதியக் காலிக்கு என் முதல் சந்தேகம் பஸ். படிவத்தில் ‘எந்த ஊர், எத்தனை மணி பஸ்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். கோட்டூர், வடுவூர் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் ஒரே வண்டிக்காகக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால், கடைசி மணியை 15 நிமிடம் முன்னே இழுத்தாலே பாதி தீரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் இன்டர்னலுக்கு மறுதேர்வுத் தேதியையும் முன்கூட்டியே ஒட்டிவிடுங்கள். பஸ் ஓடாத நாளில் போன மார்க்கைப் பிள்ளைகள் மூன்று வருடமும் மறப்பதில்லை.

படிவம் வாங்கிய பத்து நாளுக்குள், வந்த குறைகளில் எதைச் செய்தோம், எதைச் செய்ய முடியவில்லை, ஏன் என்று நோட்டீஸ் போர்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை மேலிருந்து கீழே ஒரே கோடாக 4 இழுத்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள்.