பரல் வடியும் படகு வடியும்: வாசகர் கேள்வி – பதில்

மழைநீர்த் தொட்டிகளைப் பற்றிச் சென்ற மாதம் எழுதிய பின்னர் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடிகட்டிகளைப் பற்றியவை. குடிநீர், கிணற்றில் மிதந்த எண்ணெய், படகு டீசல், செக்கெண்ணெய் என்று திரவங்கள் வேறுபட்டாலும், கடிதம் எழுதிய எல்லோரும் என்ன பொருளால் வடி செய்வது என்றே கேட்டிருக்கிறார்கள். அகற்றவேண்டிய அழுக்கு அத்திரவத்தில் மிதக்கிறதா, தொங்கி நிற்கிறதா, கரைந்திருக்கிறதா என்பதை ஒருவர் மட்டுமே குறிப்பிட்டிருந்தார். வடியின் வடிவம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி (கோண்டாவில் வாசகி): எங்கள் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலில் வெள்ளைப் படிவு ஏறிக்கொண்டே போகிறது. அயலவரைப் பார்த்து நாங்களும் ஒரு பரலில் சல்லி, மணல், கரி என்று அடுக்கி, அடியில் குழாய் பூட்டி வடி செய்தோம். நீர் தெளிவாக வருகிறது, படிவு மட்டும் குறையவில்லை. எங்கே பிழை விட்டோம்?

பதில்: அம்மா, உங்கள் பரலில் ஒரு பிழை இருக்கிறது, ஆனால் கேத்தற் படிவுக்கு அது பொறுப்பில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலிருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மண்ணினூடாக இறங்கும் மழைநீர் அங்குள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொண்டு அந்தக் கல்லைக் கரைத்தபடியே கிணற்றுக்கு வருகிறது. தேத்தண்ணீர் வடியில் தேயிலைச் சக்கை தங்கும், சீனி தங்காது. அதுபோலக் கரைந்த கல்சியத்தை எந்த மணலும் பிடிக்காது. கொதிக்கவைக்கும்போது கல்சியம் இருகாபனேற்று சிதைந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. கேத்தலில் நீங்கள் காண்பது அதுவே. ஆகவே நன்றாகக் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் அசையாமல் வைத்து, காலையில் மேலிருக்கும் தெளிநீரை மட்டும் சரித்தெடுத்தால் இந்த வகைக் கடினத்தன்மையிற் பெரும்பகுதி போய்விடும். அதற்குப் பரலே தேவையில்லை.

ஆயினும் பரலைக் கழற்றிவிடாதீர்கள். மாரியில் கிணறு கலங்கும்போது அது உதவும். சரியாகச் செய்தால் நோய்க்கிருமிகளிலும் பெரும்பகுதியைப் பிடிக்கும். 1892இல் ஹம்பேர்க் நகரில் கொலரா பரவி எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தபோது, அதே எல்பே ஆற்று நீரை, அதுவும் ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பின்னர் எடுத்துக் குடித்த அயல்நகரான அல்தோனா பெருமளவு தப்பியது. அல்தோனா தன் நீரை மெதுமணல் வடியினூடாக விட்டுக் குடித்ததே அதற்குக் காரணம். இந்த வடியில் வேலை செய்வது மணல் மட்டுமன்று. மணலின் மேற்பரப்பில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் வளரும் வழுவழுப்பான உயிர்ப்படலமே கிருமிகளை உண்டு அழிக்கிறது. அந்தப் படலத்துக்கு எப்போதும் ஈரமும், அதனூடாக மெதுவாக இறங்கும் நீரும் வேண்டும்.

உங்கள் பிழை இங்கேதான் இருக்கிறது. அடியில் பூட்டிய குழாயைத் திறந்தவுடன் நீர் முழுவதும் இறங்கி, மணல் காய்ந்து, படலம் செத்துவிடுகிறது. என் வீட்டுப் பரலிலும் முதல் வருடம் நான் இதையே செய்தேன். குழாயை அடியிலிருந்து எடுத்துப் பரலின் வெளிப்புறமாக மேலேற்றி, மணல் மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றர் உயரத்தில் வளைத்துவிடுங்கள். அப்போது நீர் ஊற்றாத நேரத்திலும் மணலின் மேல் 5 சென்ரிமீற்றர் நீர் நிற்கும். வளைவின் உச்சியில் ஒரு சிறு துளையும் இட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது அதில் ஒரு றப்பர்க் குழாயைச் செருகிக் கீழே விட்ட நாளில், அது தானாகவே உறிஞ்சிப் பரலை வெறுமையாக்கிவிடும்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். 200 லீற்றர்ப் பரலின் குறுக்களவு ஏறக்குறைய 57 சென்ரிமீற்றர். மணலின் மேற்பரப்பு கால் சதுர மீற்றர் ஆகும். மெதுமணல் வடியில் நீர் மணிக்கு 10 முதல் 20 சென்ரிமீற்றர் வரை இறங்குவது நல்லது. அப்படியானால் உங்களுக்கு மணிக்கு 25 முதல் 50 லீற்றர் கிடைக்கும்; குடிப்பதற்கும் சமையலுக்கும் அது போதும். அதைவிட வேகமாக வந்தால் மகிழாதீர்கள், மணல் பருமனாகிவிட்டது என்று பொருள். பிரான்சின் டிஜோன் நகரத்து நீர் வழங்கலுக்காகப் பரிசோதனை செய்த ஹென்றி டார்சி 1856இல் வெளியிட்ட விதி இன்றும் எல்லா வடிகளுக்கும் அடிப்படை: நீரின் உயர அழுத்தம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும், மணலின் தடிப்பு இரட்டித்தால் ஓட்டம் பாதியாகும். ஆகவே அடியில் 12 சென்ரிமீற்றர் சல்லியும் பருமணலும், மேலே 50 முதல் 55 சென்ரிமீற்றர் நுண்மணலும் போதுமானவை. நுண்மணலை நுளம்பு வலையில் அரித்தெடுத்து, கழுவிய நீர் கலங்காமல் வரும்வரை கழுவுங்கள். கடற்கரை மணலானால் ஒரு பிடியில் எலுமிச்சம்புளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பித்தூள் இருக்கிறது. உங்கள் நீருக்கு மேலும் சுண்ணாம்பு தேவையில்லை. ஓட்டம் மிகக் குறைந்த பின்னர் மேல் மணலில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றரை மட்டும் கலக்கி, கலங்கல் நீரை அள்ளி ஊற்றிவிடுங்கள். வெள்ளத்துக்குப் பின்னர் கிணற்றுக்குக் குளோரீன் இட்ட நாட்களில் அந்த நீரைப் பரலில் விட்டால் படலம் அழிந்துவிடும். வடித்த நீருக்குக் குளோரீன் இடுவதே முறை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. உங்கள் பகுதியில் வெங்காயத் தோட்டங்களும் மலசலகூடக் குழிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. கிணற்று நீரில் நைத்திரேற்று இருக்கும் வாய்ப்பு அதிகம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு எல்லை கடந்த நைத்திரேற்று ஆபத்தானது. பரல் அதைப் பிடிக்காது. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடவே செய்யும். ஆய்வுகூடத்தில் நீரைச் சோதித்து, கூடுதலாக இருந்தால் மட்டும் ஆர்.ஓ. இயந்திரத்தை (நீரை மிக நுண்ணிய சவ்வினூடாக அழுத்தி வடிப்பது) யோசியுங்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லீற்றர் நல்ல நீருக்கு 2 அல்லது 3 லீற்றரைக் கழிவாகத் தள்ளும். அந்தக் கழிவை வளவுக் குழியில் விட்டால் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடாகக் கிணற்றுக்கே திரும்பிவிடும் என்பதை இயந்திரம் விற்பவர்கள் சொல்வதில்லை.

கேள்வி (மல்லாகம் வாசகர்): எங்கள் கிணற்றில் முன்னர் எண்ணெய்ப் படலம் இருந்தது. இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சில நாட்களில் மணக்கிறது. சிரட்டைக்கரி போட்டு வடித்தால் குடிக்கலாமா?

பதில்: சுன்னாகம் சுற்றுவட்டாரக் கிணறுகளின் எண்ணெய் விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை வாசகர்கள் அறிவார்கள். வடி செய்பவர் அறியவேண்டியது, எண்ணெய் நீரில் மூன்று விதமாக இருக்கும் என்பது. மிதக்கும் எண்ணெயை மேலிருந்து அள்ளலாம். நுண்துளிகளாகக் குழம்பி நிற்பதை, நார்ப் படுகையினூடாக மெதுவாக விட்டுத் துளிகளை ஒன்றுசேர்த்து மிதக்கவிடலாம். கரைந்திருப்பதை உயிர்ப்பூட்டிய கரியாற்றான் பிடிக்கலாம். இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. மிதக்கும் எண்ணெய் நேரே கரியில் ஏறினால் அதன் துளைவாய்களை மூடிவிடும், பிறகு கரி எதையும் பிடிக்காது.

படலம் இல்லாமல் மணம் மட்டும் இருப்பதால் உங்கள் கிணற்றில் இருப்பது கரைந்த பகுதியாகலாம். அடுப்புச் சிரட்டைக்கரி இதற்குப் போதாது. அதே சிரட்டைக்கரியை 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியில் சூடாக்கி நுண்துளைகளைத் திறந்த பின்னரே அது உயிர்ப்பூட்டிய கரியாகிறது. அதன் ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு வரும். நீர் கரியுடன் ஏறக்குறைய 10 நிமிடம் நிற்கவேண்டும். மணிக்கு 60 லீற்றர் ஓடவேண்டுமானால் 10 லீற்றர்க் கரி வேண்டும் என்று கணக்கிடுங்கள். கடைகளில் விற்கும் கையளவுக் கரிக்கூட்டில் நீர் சில வினாடிகளே நிற்கிறது.

கரி நிரம்பியது கண்ணுக்குத் தெரியாது, ஓட்டமும் குறையாது. ஒரு நாள் பிடித்து வைத்ததை விடத் தொடங்கும். ஆகவே இரண்டு கூடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு சிறு குழாயைப் பூட்டி, அந்த நடு நீரைக் காலத்துக்குக் காலம் சோதிக்கவேண்டும். முதற்கூடு கைவிட்டதும் இரண்டாவதை முன்னுக்கு மாற்றிப் புதியதைப் பின்னால் வைக்கலாம். ஆய்வுகூட அறிக்கை கையில் இல்லாமல் குடிக்கலாம் என்று நான் எழுதமாட்டேன். குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் கூட முதலில் சோதியுங்கள்.

கேள்வி (மயிலிட்டி வாசகர்): படகு டீசலில் அழுக்கு வருகிறதென்று தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் 2 மைக்கிரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) பில்ரர் பூட்டினோம். கரையில் நன்றாக ஓடுகிறது. கடலில் இஞ்சின் நின்றுவிடுகிறது.

பதில்: நல்ல பொருளைப் பிழையான இடத்தில் பூட்டியிருக்கிறீர்கள். தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கத்தில் பம்புக்கு உதவியாக இருப்பது காற்றின் அழுத்தம் மட்டுமே. அங்கே நுண்ணிய வடியை வைத்தால் சிறிது அழுக்கு ஏறியதும் பம்பு பட்டினி கிடக்கும்; பொருத்துகளினூடாகக் காற்றையும் இழுக்கும். கரையில் நின்ற தாங்கியில் அடியிற் கிடந்த சேறு கடலில் படகு ஆடும்போது கலங்கி எழுகிறது, அதனாற்றான் உங்கள் இஞ்சின் இடம் பார்த்து நிற்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் 10 அல்லது 30 மைக்கிரோன் வடியை, அடியில் நீர் தேங்கும் கண்ணாடிக் கிண்ணத்தோடு பூட்டுங்கள். 2 மைக்கிரோன் வடி பம்புக்குப் பின்னால், தள்ளும் பக்கத்தில் இருக்கட்டும். முன்வடியை இரட்டையாக வைத்து நடுவில் திருப்பு வால்வு பூட்டினால், ஒன்று அடைத்தாலும் கடலில் நிற்கவேண்டியதில்லை.

பெட்டியில் எழுதியிருக்கும் மைக்கிரோன் எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரு வடி 10 மைக்கிரோன் துணிக்கைகளில் பாதியைப் பிடித்தாலும் 10 என்று எழுதலாம், ஏறக்குறைய முழுவதையும் பிடித்தாலும் அதையே எழுதலாம். கேட்கவேண்டியது பீற்றா எண். ஒரு குறிப்பிட்ட பருமனுள்ள துணிக்கைகள் உள்ளே எத்தனை வந்தன, வெளியே எத்தனை போயின என்ற விகிதம் அது. பீற்றா 2 என்றால் பாதி பிடிபட்டது. பீற்றா 200 என்றால் நூற்றுக்கு 99.5 பிடிபட்டது. வாங்கும்போது, ஒரே எண்ணுள்ள இரண்டில் மடிப்புக் கூடிய தாளுள்ளதை எடுங்கள். வடிதாளின் பரப்பு இரட்டித்தால் வடியின் ஆயுள் இரண்டு மடங்குக்கும் மேலாக நீளும்.

இன்று இரவே ஒரு காரியம் செய்யுங்கள். தாங்கியின் அடியிலிருந்து ஒரு வெறும் கண்ணாடிப் போத்தலில் டீசல் பிடித்து அசையாமல் வையுங்கள். காலையில் போத்தலின் அடியில் ஒரு விரல் நீரும், நீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் கறுத்த பாசி போன்ற இழைகளும் தெரிந்தால், உங்கள் வடியை அடைப்பது தூசியன்று. அந்தக் கோட்டில் வாழும் நுண்ணுயிர்கள்தான். நீரை அகற்றாதவரை அவை போகமாட்டா. பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிருக்கு ஈரம் படியும். ஆகவே கரை சேர்ந்ததும் தாங்கியை நிரப்பி வையுங்கள், காலையில் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து நீரை விடுங்கள்.

கேள்வி (நெல்லியடி வாசகர்): பழைய இஞ்சின் ஒயிலைத் துணியில் பலமுறை வடித்து மீண்டும் பாவிக்கலாமா?

பதில்: கூடாது. ஒயிலில் கலந்த எரிபொருளும் அமிலமும் கரைந்திருக்கின்றன, கரி துணியின் துளைகளைவிட மிக நுண்ணியது, ஒயிலிற் சேர்த்திருந்து தேய்ந்துபோன துணைப்பொருள்களை எந்த வடியும் திரும்பத் தராது. நிலத்தில் ஊற்றாமல் பழைய ஒயில் சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி (கொடிகாமம் வாசகர்): சிறிய செக்கில் நல்லெண்ணெய் ஆட்டுகிறோம். வடிதுணி அரை மணித்தியாலத்தில் அடைத்துவிடுகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் விரைவாக அடைக்கிறது. ஏன்?

பதில்: இந்தக் கடிதத்தை எழுதியவர்தான் அழுக்கைக் கவனித்துப் பார்த்தவர், "சக்கை மெதுமையானது, விரலால் அழுத்தினால் களி போல வழுக்குகிறது" என்று எழுதியிருக்கிறார். விடையும் அதிலேயே இருக்கிறது. மணல் அழுத்தத்துக்கு நெரிபடாது. எள்ளுச் சக்கை நெரிபடும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட அது தன் துளைகளைத் தானே மூடிக்கொள்கிறது. தொடக்கத்தில் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடவிட்டு, துணியின் மேல் மெல்லிய சக்கைப் படை உருவாகும்வரை வரும் கலங்கல் எண்ணெயைத் திரும்பவும் உள்ளே ஊற்றுங்கள். அதன்பின் வடிப்பது துணியன்று, அந்தச் சக்கைப் படையே. உணவுத் தரமான டயற்றம் மண் (நுண்பாசிகளின் ஓடுகளாலான மென்தூள்) கிடைத்தால், அதைச் சிறிது எண்ணெயிற் கலக்கி முதலில் துணியின் மேல் பூசுவதுபோல ஓடவிட்டால் படை நெரிபடாமல் நிற்கும்.

அதற்கு முன்னரே வேலையைக் குறைக்கவும் வழியுண்டு. ஆட்டிய எண்ணெயைக் கூம்படியுள்ள உயரமான தாங்கியில் இரண்டு நாள் அசையாமல் விட்டு, அடியிலிருந்து எடுக்காமல் நடுவிலுள்ள குழாயால் எடுங்கள். துணிக்கு வருவது மிகச் சிறு பகுதியாகவே இருக்கும். எண்ணெயின் பாகுத்தன்மை நம் ஊர் வெப்பத்தில் நீரைவிட 50 மடங்களவு. 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் அது பாதிக்கும் கீழே இறங்குவதால் அதே துணியில் இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். வாசனை போகும் என்று அஞ்சினால் 40 பாகையோடு நிறுத்துங்கள். கழுவிய துணியை ஈரத்தோடு பூட்டாதீர்கள். ஈரம் எண்ணெயிலுள்ள பிசினை வீங்கவைத்துத் துணியின் இழைகளுக்குள் ஒட்டவைக்கும். நீங்கள் துணியைக் கழுவும் நாட்களில்தான் அடைப்பு மோசமாக இருக்கிறது என்று எழுதியிருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு சோடித் துணி வைத்துக்கொண்டு, ஒன்று ஓடும்போது மற்றதை முழு நாள் வெயிலில் காயவிடுங்கள்.